புஷ்பம் அக்கா உட்கார்ந்த நாள்

புஷ்பம் அக்கா விடிந்ததிலிருந்து கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்ததால், தூத்துக்குடி வலம்புரிக் குடியிருப்பின் ஏழு மாடியிலும் மிக்ஸி ஓடியது.

எல்லாம் வீட்டுக்கு வீடு தரையில் பதித்த துடிக்கல்லின் கைங்கரியம். உலோகமும் கந்தகமும் கூடிப் பிறந்த கனிமம், பித்தளைபோல் மின்னும். மிதித்தால் மின்சாரம் தரும். மிதிக்க ஆளில்லாவிட்டால் கறுத்துப்போகும். நிலாவில் ஒரே ஒரு பள்ளத்தில், மயிரிழைப் படிவாகத்தான் கிடைக்கிறது. அதற்கு ஒரு குணம்: நிம்மதியானவன் நடை அதற்கு ஆகாது. நிலைகொள்ளாதவன் மிதிக்குத்தான் வாரி வழங்கும். மற்ற வீடுகளில் அப்படியொன்றும் கவலையில்லை.

அக்காவின் மகள் டெல்பினா அந்த நிலாச் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தாள். சுரங்கம் சரிந்தது, பிறகு சேதியில்லை. மணி அடித்தாலே நெஞ்சு நின்றுவிடுகிறதென்று அக்கா தன் போனைக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் திரவியம் அண்ணாச்சியிடம் கொடுத்துவைத்தாள்.

"நல்ல சேதின்னா மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி."

செவ்வாய்க்கிழமை நல்ல சேதியே வந்தது. டெல்பினாவை உயிரோடு மீட்டுவிட்டார்கள். அண்ணாச்சி ஓடத்தான் ஓடினார். பாதிப் படியில் நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் அவர் மகனுக்குக் கல்யாண வரவேற்பு. அக்கா நிம்மதியாகிவிட்டால் லிஃப்ட் எப்படி ஏறும்? மனைவியிடம் மட்டும் சொன்னார். அப்புறமென்ன, மாலைக்குள் ஏழு மாடிக்கும் தெரிந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அக்காவுக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பினார்கள், விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. டெல்பினா கூப்பிட்டபோதெல்லாம் அண்ணாச்சி, "அம்மா தூங்குறாங்க தாயி" என்றார்.

ஆனால் தினமும் "மக சேதி உண்டா?" என்று நச்சரித்த கூட்டம், அதைக் கேட்பதையே விட்டுவிட்டது. அங்கேதான் மாட்டிக்கொண்டது.

ஞாயிறு மாலை, மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறும் நேரத்தில் விளக்குகள் மங்கின. அக்கா மாடிக்கு வந்து, முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவ இருக்காளா அண்ணாச்சி?"

"இருக்கா."

"எப்பத்திலேருந்து?"

அண்ணாச்சி போனை நீட்டினார். அக்கா மகளோடு பேசினாள், அழுதாள், வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிப்போனாள். அவள் வீட்டுத் தரை கறுத்தது.

குடியிருப்பு இருண்டிருக்க வேண்டும். இருளவில்லை. எழுந்ததும் என்ன கேட்பாளோ என்று ஏழு மாடியிலும் நடந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. குழம்புக் கிண்ணங்களைக் கழுவி அவரவர் வாசலில் வைத்துவிட்டு, பார்த்தால் சிரிக்கிறாள். அவ்வளவுதான். அண்ணாச்சி வீட்டுத் துடிக்கல் தேய்ந்து பள்ளமே விழுந்துவிட்டது. மிஞ்சுகிற மின்சாரம் இப்போது பக்கத்துத் தெருவுக்குப் போகிறது.