மைனஸ் இரண்டு அடுக்கு

சிட்டுவுக்கு இன்று சைக்கிள் பழகியே ஆக வேண்டும். கணக்கை முடித்துவிட்டு, சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொள்வதாக அக்கா சொல்லியிருந்தாள். வெயில் சாய்ந்தும் கணக்கு முடிந்தபாடில்லை.

அக்காவுக்கு இரண்டு விடைகள் வந்தன: நான்கு, மைனஸ் இரண்டு. புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ நான்கு மட்டும்தான் இருந்தது. எத்தனை முறை அடித்துப் போட்டாலும் மைனஸ் இரண்டு விடாப்பிடியாக வந்து நின்றது. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சிட்டுவுக்குச் சைக்கிள் மறந்துபோனது. யார் இந்த மைனஸ் இரண்டு?

“கணக்குல என்ன கேக்குறாங்க, அக்கா?”

இது மடக்கைக் கணக்கு என்றாள் அக்கா. இரண்டுகளை மட்டும் பெருக்கி எட்டு வர மூன்று இரண்டுகள் வேண்டும். அதனால் எட்டின் மடக்கை மூன்று.

இது சிட்டுவுக்குத் தெரிந்த சங்கதிதான். அம்மா முன்னறையில் புத்தகம் பைண்டிங் செய்பவர். அவர் தாளை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு, இரண்டு முறை மடித்தால் நான்கு, மூன்று முறை மடித்தால் எட்டு. மடிப்பின் எண்ணிக்கைதான் மடக்கை.

“ஒரு எண்ணோட மடக்கையையும், அதுல ரெண்டு குறைச்சா வர்ற எண்ணோட மடக்கையையும் கூட்டினா மூணு வரணும்” என்றாள் அக்கா.

சிட்டு இரண்டு தாள்களை எடுத்துவந்தாள். ஒன்றை நான்கு அடுக்காக்கினாள், இரண்டு மடிப்பு. மற்றதை அதைவிட இரண்டு குறைத்து, இரண்டு அடுக்காக்கினாள், ஒரு மடிப்பு.

“மொத்தம் மூணு. நாலு சரி. இப்ப மைனஸ் ரெண்டு அடுக்கு மடிச்சுப் பாக்கலாமா?”

அக்கா மடித்தாள். பிரித்தாள். திருப்பிப் பார்த்தாள். முழுசாகப் பிரித்தாலும் தாள் ஒரு அடுக்காகவே கிடந்தது. அதற்குக் கீழே போக வழியே இல்லை.

“அப்ப நான் தப்பா போடலையா?”

“நீ சரியாத்தான் போட்டே. அது வழியில வந்து ஒட்டிக்கிச்சு. கடைசியில சரிபாக்காம விட்டுட்டே, அவ்வளவுதான்.”

அக்கா சிரித்துக்கொண்டே மைனஸ் இரண்டை அடித்தாள். சைக்கிளைத் தெருவுக்கு இறக்கினாள்.

சிட்டு மிதித்தாள். “பிடிச்சிருக்கியா, அக்கா?”

“பிடிச்சிருக்கேன்!”

குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. சிட்டு சரிபார்க்கத் திரும்பினாள். தெருமுனையில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

அக்கா சொன்ன விடை தேறவில்லை. சைக்கிள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.