கம்பளிக்குக் கேட்ட சாப்பாட்டு மணி

நாய்க்குட்டி பழக்குவதில் தன்னை மிஞ்ச உத்திரமேரூர் பக்கத்திலேயே ஆள் கிடையாது என்று ஷாரோன் நினைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பல் துலக்க வாசலுக்கு வரும் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வயலிலிருந்து 'டண டண டண' என்று சத்தம் வந்தது. பாஞ்சாலி அத்தை தகர டின்னைத் தட்டிக் குருவி ஓட்டினார். நெல் முற்றுகிற சமயத்தில் அந்தப் பக்கம் எல்லா வயலிலும் கேட்கிற சத்தம்தான். இந்தப் போகத்தில் அத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக டின்னைக் கையில் எடுத்திருந்தார்.

ஷாரோனின் காலடியில், யாரோ சுருட்டிப் போட்ட போர்வை மாதிரிக் கிடந்த நாய்க்குட்டி காதைத் தூக்கியது. அதன் பெயரே கம்பளிதான்.

அடுத்த நொடி கம்பளியைக் காணோம்.

வரப்பைத் தாண்டியது. வயலுக்குள் இறங்கியது. கதிர்கள் இரண்டு பக்கமும் மளமளவென்று சாய, நட்டநடு வயலில் புதிதாக ஒரு சாலை போட்டுக்கொண்டு ஓடியது. அத்தையின் முன்னால் போய் உட்கார்ந்து, நாக்கைத் தொங்கப் போட்டு, 'இன்றைக்கு என்ன சாப்பாடு?' என்பது போல டின்னைப் பார்த்தது.

"அடியே ஷாரோனு!" அத்தையின் குரல் டின்னைவிடப் பெரிதாகக் கேட்டது. "இன்னாடி வளத்துக்கினு கீற? நாயா, கரடியா?"

ஷாரோன் வாயில் இருந்த பற்பசையை விழுங்கிவிட்டாள்.

குட்டி வந்த நாளிலிருந்து சோறு வைக்கும்போதெல்லாம் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டியது அவள்தான். "தட்டு சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் ஓடியாந்துடும் பாரு" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டதும் அவள்தான். சுற்றிலும் டின் தட்டுகிற ஊரில் இப்படி ஒரு பாடத்தைக் கண்டுபிடிக்கத் தனி மூளை வேண்டும். அது ஷாரோனிடம் நிறையவே இருந்தது.

கம்பளியைக் கொண்டுவந்தது அவளுடைய அப்பா டேனியல். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டுகிறார். அங்கே ஒரு மேனேஜர் வேலை மாறி வடக்கே போகும்போது குட்டியை விட்டுவிட்டுப் போனார். வரும்போது அப்பாவின் சாப்பாட்டுக் கூடைக்குள் தூங்கிக்கொண்டு வந்த குட்டி, இப்போது அந்தக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறது. இன்னும் வளருமாம்.

அப்பா வேலைக்குக் கிளம்பாமல் வரப்பில் வந்து நின்றார். அத்தை சாய்ந்த கதிர்களைக் காட்டினார். சத்தம் போட்டதெல்லாம் போய், இப்போது குரல் இறங்கியிருந்தது. அதுதான் ஷாரோனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சாஞ்சது சேத்துல கெடந்தா மொளச்சிடும், டேனியலு. அறுப்பு மெஷினும் அத வாரி எடுக்காது. நானும் என் வூட்டுக்காரரும் ராத்திரி பகலா தண்ணி கட்டின பயிரு. இன்னொரு தபா இந்த நாய் உள்ள எறங்கிச்சின்னா…"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா சொன்னார்: "வாலாஜாபாத்துல மோகன்குமார்னு ஒருத்தரு பண்ணை வெச்சிக்கினு கீறாரு. இந்த ஜாதி நாய் வேணும்னு கேட்டுக்கினே இருந்தாரு. அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லிட்டேன்."

"வந்து பாக்கவா? இட்டுக்கினு போவவா?"

"வரட்டும், பாக்கலாம்."

"அப்பா, கம்பளி நம்ம வூட்ல இருக்குமா, இருக்காதா?"

"உங்கம்மாவக் கேளு."

அம்மா சுகிர்தா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பயிரு பாஞ்சாலியக்காவோடது. அவங்களக் கேளு."

ஷாரோன் ஓடினாள். அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தே, கம்பளி இருக்கலாமா, வேணாமா?"

"போய்ப் படிக்கிற வேலையப் பாரு."

ஒரு கேள்விக்கு இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒரு பதில் கிடைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஷாரோன் ஒரு கட்டு வாழைநாரோடு வயலில் போய் நின்றாள். இன்னொரு கையில் கம்பளியைக் கட்டிய கயிறு.

"எதுக்குடி வந்த?" என்றார் அத்தை.

"சாஞ்சத நிமித்திக் கட்ட. நாலு நாலு தூரா சேத்துக் கட்டினா நிக்கும்னு அம்மா சொன்னாங்க."

"அந்தக் கரடிய எதுக்கு இட்டாந்த?"

"வூட்ல விட்டா டின்னு சத்தம் கேட்டு வந்துடும் அத்தே. இங்க புங்க மரத்துல கட்டிடறேன். என் கண்ணு முன்னாடி இருக்கும்."

அத்தை எதிர்க் கோடிக்கு நடந்து போய் டின்னை எடுத்தார்.

டண டண டண!

கம்பளி பாய்ந்தது. கயிறு விறைத்தது. புங்க மரமே ஒரு தடவை திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. ஷாரோன் நாரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"உக்காரு! கம்பளி, உக்காரு!"

அது உட்காரவில்லை. அவள்தான் சேற்றில் உட்கார்ந்தாள். எழுந்து, அதன் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தினாள். கடைசியில் அது உட்கார்ந்ததும் டிபன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு இட்லி கொடுத்தாள்.

மறுபடி டின். மறுபடி பாய்ச்சல். மறுபடி இட்லி.

அன்று காலை ஷாரோன் ஒரு இட்லிகூடச் சாப்பிடவில்லை. கம்பளிக்கு ஏப்பம் வந்தது.

தினமும் பள்ளிக்கு முன்னாலும் பின்னாலும் இதே வேலைதான். நெல் இலையின் சுணை பட்டுக் கையெல்லாம் அரித்தது. இரவில் சொறிந்துகொண்டே தூங்கினாள். ஆனால் சாய்ந்த கதிர்கள் ஒவ்வொரு கொத்தாக எழுந்து நின்றன. டின் சத்தம் கேட்டால் கம்பளி முதலில் ஷாரோனைப் பார்க்கவும், பிறகு உட்காரவும் ஆரம்பித்தது. சில சமயம். மற்ற சமயங்களில் கயிறுதான் காப்பாற்றியது.

தட்டுக்குப் பதிலாக வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? அது அடுத்த கவலை.

"விசில் வாங்கு" என்றாள் வகுப்புத் தோழி பிரபா.

"பஸ் கண்டக்டரும் விசில்தான் ஊதறாரு. அப்புறம் டவுன் பஸ் பின்னால ஓடும்."

"கை தட்டு."

"ஊர்ல எல்லாருக்கும் கை கீதுடி."

யோசித்துப் பார்த்ததில், வேறு யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பது ஷாரோனுக்குத் தெரியவந்தது. அது அவள் பாட்டு. சர்ச் பாடகர் குழுவில் அவளைப் பின்வரிசையில் நிறுத்தி, "நீ வாய மட்டும் அசைம்மா, போதும்" என்று அன்பாகச் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு குரலை யாரும் தவறிக்கூட எழுப்ப மாட்டார்கள்.

'வாடா கம்பளி, வரப்பு மேல வா' என்று தானே ஒரு பாட்டுக் கட்டினாள். வீட்டுக்குப் பின்னால் பாடிப் பார்த்தாள். கோழிகள் கலைந்து ஓடின. கம்பளி மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

சர்ச் முடிந்து வரும்போதே வாசலில் ஒரு ஜீப் நின்றது. மோகன்குமார் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதுவே ஷாரோனுக்குப் பிடிக்கவில்லை. கையில் புத்தம்புது சங்கிலியும் கழுத்துப் பட்டையும் வைத்திருந்தார்.

கம்பளி வயலோரம் புங்க மரத்தடியில் கட்டப்பட்டிருந்தது. அவர் குனிந்து, "அடடா, என்ன முடி!" என்று தடவிக்கொண்டே பழைய பட்டையைக் கழற்றினார். புதுப் பட்டையைக் கழுத்தில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு குருவிக் கூட்டம் வயலில் இறங்கியது. எதிர்க் கோடியில் இருந்த பாஞ்சாலி அத்தை டின்னை எடுத்தார்.

டண டண டண!

கம்பளி எம்பியது. மோகன்குமாரின் கையில் ஒரு கொத்து முடிதான் மிஞ்சியது.

"புடி! புடி!" அப்பா கத்திக்கொண்டு ஓடினார். மோகன்குமாரும் ஓடினார். துரத்தினால் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கம்பளி இன்னும் வேகம் எடுத்தது. வரப்பின் விளிம்பில் போய் நின்றது. எதிரே முற்றிய நெல். ஷாரோன் தூர் தூராகக் கட்டி நிறுத்திய நெல். அதற்கு அந்தப் பக்கம் டின்.

முன்னங்கால் ஒன்றை வயலுக்குள் வைத்தது.

"யாரும் ஓடாதீங்க!" என்று ஷாரோன் கத்தினாள். "அப்பா, நில்லுங்க! அப்பிடியே நில்லுங்க!"

எல்லாரும் நின்றார்கள். டின் சத்தத்தில் அத்தைக்கு எதுவும் கேட்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார்.

ஷாரோன் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பின்வரிசையில் வாயை அசைத்து அசைத்து அதுவே பழகிவிட்டதோ என்னவோ. கம்பளி இரண்டாவது காலைத் தூக்கியது.

ஷாரோன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாடா கம்பளீ… வரப்பு மேல வா…"

அந்தக் கத்தலில் பாதிக் குருவிகள் டின்னுக்கு வேலையே வைக்காமல் பறந்துபோயின. கம்பளியின் காது திரும்பியது. பிறகு தலை. தூக்கிய காலைக் கீழே வைத்தது, வயலில் அல்ல, வரப்பில். ஒரு கதிரைக்கூடத் தொடாமல் வரப்பின் மேலேயே ஓடிவந்து அவள் முன்னால் உட்கார்ந்தது.

ஷாரோன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பிரமாதம்!" என்றார் மோகன்குமார். "இப்படிப் பழகின நாயத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். சங்கிலிய மாட்டிடலாமா, டேனியல்?"

ஷாரோன் பிடியை இறுக்கினாள். நன்றாகப் பழக்கினால் கம்பளி இங்கே இருக்கும் என்றல்லவா நினைத்தாள்? நன்றாகப் பழக்கியதாலேயே போகப் போகிறதா?

"பாக்கலாம் சார்…" என்று அப்பா இழுத்தார்.

பாஞ்சாலி அத்தை வரப்பு வழியாக வந்துகொண்டிருந்தார். கையில் டின்னும் குச்சியும். கட்டி நிறுத்திய கதிர்களை ஒருமுறை பார்த்தார். கம்பளிக்கு நேர் எதிரே வந்து நின்று, டின்னை ஓங்கி அடித்தார்.

டண டண டண டண!

கம்பளியின் உடம்பு முழுக்க உதறியது. வால் புழுதியைப் பெருக்கியது. எழுந்துவிடுமோ என்று ஷாரோன் மூச்சை அடக்கிக்கொண்டாள். அது எழவில்லை. ஷாரோனின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அத்தை குச்சியைக் கீழே போட்டார்.

"அத்தே," என்றாள் ஷாரோன். "கம்பளி இருக்கலாமா, வேணாமா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

அத்தை அவளைப் பார்த்தார். சுணை அரித்துச் சிவந்திருந்த அவள் கைகளைப் பார்த்தார். பிறகு மோகன்குமார் பக்கம் திரும்பினார்.

"வெயில்ல அம்மாந்தூரம் வந்துட்டீங்க சார். எங்க வூட்ல மோர் குடிச்சிட்டுக் கெளம்புங்க. நாய் எங்கியும் வராது. இங்கதான் இருக்கும்."