பதினான்கு அடிக் கோடு

அலுமாரியை நகர்த்தியபோதுதான் அழகமுத்து அதைக் கண்டார். சுவரின் அடியில், கணுக்கால் உயரத்துக்கு, ஈரம்.

மாசி மாதம். ஆறு வாரமாகக் கண்டியில் ஒரு சொட்டு மழை இல்லை. வீடு இருப்பதோ கட்டுகஸ்தோட்டை மேட்டில், ஒரு பலசரக்குக் கடையின் மாடியில். ஆற்றங்கரையிலிருந்து படி ஏறி வருவதற்குள் எழுபது வயது மனிதருக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கும். குழாய் உடைந்திருக்குமோ என்றால் அந்தச் சுவர்ப் பக்கம் குழாயே கிடையாது. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். வெள்ளம் வடிந்த மறுநாள் மகாவலி ஆற்றங்கரையில் எழும் வண்டல் வாடை, அழுகிய இலையும் செத்த மீனும் கலந்த அதே வாடை, மேசையிலிருந்த தேத்தண்ணீரில்கூட ஏறியிருந்தது.

ஈரத்தின் மேல் விளிம்பு நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. சுவர் தானாக ஊறினால் மேடும் பள்ளமுமாக ஊறும். இப்படி நேர்கோடு போடுவது தேங்கிய தண்ணீர் மட்டும்தான். முப்பது வருடம் ஆற்றின் நீர்மட்டம் பார்த்துச் சம்பளம் வாங்கியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஏங்க, சுவத்துல என்னத்தப் பாக்குறீங்க?” என்று கட்டிலிலிருந்து வடிவம்மா கேட்டாள். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து மனைவிக்குக் கட்டில்தான் உலகம். கையைக்கூடத் தோளுக்கு மேல் தூக்க முடியாது.

“ஈரமா இருக்கு.”

“எங்க? நல்லா காஞ்சுதான கெடக்கு.”

பழக்கம் விடுமா? பென்சிலால் விளிம்பில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். காலை ஆறு, மாலை ஆறு. அந்தக் காலத்தில் ஆற்றைப் பார்த்த அதே நேரங்கள். மறுநாள் ஈரம் முழங்காலுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் மேசை விளிம்புக்கு.

எப்போது ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்கத்தான் பார்த்தார்.

தாஸிம் வந்து போன அன்று. கரையோரம் புதிதாக நடைபாதை போடுகிறார்கள். அந்த வேலையைப் பார்க்கும் இளம் அதிகாரி அவன். அங்கிருந்து தெரிவதற்கெல்லாம் வரலாறு எழுதிப் பலகை வைக்கப்போகிறார்களாம். ரயில் பாலம், யானை குளிப்பாட்டும் துறை, பள்ளிவாசல் மினாரா. பிறகு, பாலத்தின் நடுத்தூணில் வெள்ளம் வந்த வருடங்களைக் காட்டும் வெள்ளைக் கோடுகள்.

“ஐயா, அறுபத்தெட்டாம் ஆண்டுக் கோடு நீங்க போட்டதாமே. பதினாலு அடி. சரிதானே?”

“சரிதான் தம்பி.”

நாக்கு ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. நாற்பது வருடப் பொய், நன்றாகப் பழகிப்போயிருந்தது.

அறுபத்தெட்டில் அந்த இரவு மழை கொட்டியது. நீர்மட்டம் பதினைந்து அடியைத் தாண்டினால் இறங்கிப்போய்த் துறையில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும்; அதற்காகத்தான் அவரை வேலைக்கு வைத்திருந்தார்கள். அழகமுத்து ஜன்னலைத் திறந்தார். சாரல் முகத்தில் அடித்தது. மூடினார். காலையில் பார்த்துக்கொள்ளலாம். போர்வைக்குள் இருந்தபடியே பதிவுப் புத்தகத்தில் பதினாலு என்று எழுதிவிட்டுத் தூங்கிப்போனார்.

விடிவதற்குள் ஆறு இருபத்துமூன்று அடிக்கு ஏறி இறங்கியிருந்தது. மற்ற வீடுகள் மேட்டில். இருட்டில் வந்து போன தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. பதினேழடி மட்டத்தில், கரையோரச் செங்கல் அறையில் குடியிருந்தவள் பரிமளம் மட்டும்தான். புருஷன் சின்னமுத்து பிலிமத்தலாவைக்கு லொறியில் மூட்டை ஏற்றப் போயிருந்தான். அழகமுத்து போய்ப் பார்த்தபோது அறை இருந்தது. பரிமளமும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இல்லை. கூரைத் தகரத்துக்குக் கீழே, சுவரில், சேற்றில் பதிந்த சின்னச் சின்ன உள்ளங்கைகள். நாலு. அவள் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். முடிந்த மட்டும் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

ஈரச் சாக்கை எடுத்து அந்தக் கைகளைத் துடைத்தார். சுவரிலிருந்த சேற்றுக் கோட்டையும் துடைத்தார். தூணில் இருந்ததை அடுத்த மழை கழுவியது. பிறகு, புத்தகத்தில் எழுதியபடியே, பதினாலு அடியில் வெள்ளைக் கோடு போட்டார்.

விசாரணையில் சின்னமுத்து அவர் முகத்தையே பார்த்தான். “அண்ணே, தண்ணி எங்க வீடு வரைக்கும் வரலையா?”

“வரலப்பா.”

வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அவளேதான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆற்றில் குதித்திருக்க வேண்டும். அப்படித்தான் எழுதினார்கள். ஊரும் அப்படித்தான் பேசியது. சின்னமுத்துவும் சாகும்வரை அப்படித்தான் நம்பினான், எந்தக் கோபத்தில் போனாள் என்று கண்டவரையெல்லாம் கேட்டபடி. அழகமுத்துவிடமும் கேட்டான். அழகமுத்து அவனுக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் ஈரம் நெஞ்சுக்கு வந்தது. ஆணியில் மாட்டிய சட்டையைத் தொட்டால் காய்ந்திருந்தது. போட்டால் முதுகில் சில்லென்று ஒட்டியது. சுவருக்குள்ளே, காதை வைத்தால் மட்டும் கேட்கும் அளவில், ஏதோ வந்து மெத்தென்று மோதுவதும் விலகுவதுமாக இருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்குச் சற்று முன் தாஸிம் வந்தான், பலகையில் வரப்போகும் எழுத்தைத் தாளில் அடித்துக்கொண்டு.

“நாளைக்கு விடியக்காலமே அச்சுக்குப் போகுது ஐயா. ஏதாச்சும் மாத்தணும் எண்டா இப்பவே சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். இருபத்துமூன்று. ஒரே ஒரு எண். சொன்னால் பரிமளம் பிள்ளைகளைக் கொன்றவள் இல்லை என்றாகும். சொன்னால் அழகமுத்து யார் என்றும் தெரிந்துவிடும். வடிவம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்டார்.

தாஸிம் படி இறங்கும் சத்தம் கேட்டது. வெட்கம் தாங்காமல் ஜன்னலுக்கு ஓடினார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். எதிரே ரயில் பாலம், நடுத்தூண், அந்தி வெளிச்சத்தில் அந்த வெள்ளைக் கோடு.

காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

வாடைதான் முதலில் வந்தது. மணி ஆறு. பென்சிலை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

நெஞ்சு உயரத்தில் ஈரக் கோடு இல்லை.

தலைக்கு மேலே. கூரைக்கு ஒரு முழம் கீழே. நாலு சுவரிலும்.

காது அடைத்தது. படி இறங்கிப்போகும் தாஸிமின் காலடி எங்கோ மேலிருந்து கேட்டது.

“வடிவு?”

அவள் கட்டிலின்மேல் நின்றிருந்தாள். கூந்தல் அவிழ்ந்து, தோளைவிட்டு எழும்பி, மெதுவாக ஒரு பக்கமாய் அலைந்தது. அறையில் காற்றில்லை. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. தூக்கவே முடியாத அந்த இரண்டு கைகளும் தலைக்கு மேல் உயர்ந்து, எதையோ தாங்கி, நடுங்கின. கனமான எதையோ.

அவற்றுக்கும் மேலே, கோட்டைத் தாண்டி, காய்ந்த சுண்ணாம்பில் சேறு பூசிய சின்ன உள்ளங்கை ஒன்று பதிந்தது.

இன்னொன்று.

இன்னொன்று.

நாலாவதுக்காக, முறிந்த இடுப்போடு, அவள் நுனிக்காலில் எழும்பினாள்.