மல்லிகா குடியிருப்பில் போண்டாத் தேர்தல்

ஜெனியின் அத்தை ஜென்சி ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். ஆஸ்திரேலியா என்றதும் கங்காருவைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். ஜெனி வசிக்கும் கீழ்க்கட்டளையில் எல்லாரும் அவளிடம் அதைக் கேட்டாகிவிட்டது. அவளுக்கு அலுத்துப் போய்விட்டது.

அத்தை இருப்பது பெரிய நகரம் அல்ல. சுற்றிலும் கோதுமை வயல்கள் உள்ள ஒரு சின்ன ஊர். அங்கே மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறார். அந்த ஊருக்கென்று வாரம் ஒருமுறை ஒரு செய்தித்தாள் வருகிறது. அதில் ஒரு பக்கம் அத்தை எழுதுவது. மேல் பாதியில் தலைநகரமான கான்பெராவின் அரசியல் இருக்கும். கீழ்ப் பாதியில் ஊர்ச் சமாச்சாரம். நீச்சல் குளத்தை எப்போது திறப்பார்கள், யார் வீட்டு நாய் யார் தோட்டத்தைத் தோண்டியது, இப்படி.

"பிரதமரையும் நாயையும் ஒரே பக்கத்துல எழுதறது நீ ஒருத்திதான்" என்று அப்பா கேலி செய்வார்.

"ரெண்டு பேராலயும் எங்க ஊருக்குப் பிரச்சினை வருதே அண்ணா" என்பார் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அத்தையின் போன் வரும். அந்த வாரம் எழுதியதைத் தமிழில் சொல்வார். ஜெனி நாய் வரும் பாதிக்காகக் காத்திருந்து, கான்பெராவையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள்.

அந்த வாரம் மட்டும் ஜெனியால் எதையும் காதில் வாங்க முடியவில்லை. மைதானம் போகப் போகிறது என்ற கவலை அவளுக்கு.

மைதானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மல்லிகா குடியிருப்பின் பின்பக்கம் ஒரு புங்க மரமும் கொஞ்சம் மண் தரையும், அவ்வளவுதான். ஆனால் கிரிக்கெட், ஷட்டில், ஓடிப் பிடிக்கிற ஆட்டம் எல்லாம் அங்கேதான். வாசலுக்கு வெளியே தண்ணீர் லாரிகள் போகிற தெருவில் பந்தைக் கூடக் காட்ட முடியாது. இப்போது அந்த மண் தரைக்கு சிமென்ட் போட்டு, கார் நிறுத்தும் இடமாக்கலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு.

முடிவு எடுக்க மூன்று முறை கூட்டம் போட்டார்கள். மூன்று முறையும் பாதி வீட்டுக்காரர்கள்கூட வரவில்லை. சீரியல், தூக்கம், கல்யாண வீடு என்று ஆளுக்கொரு காரணம். சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவனுக்குக் கோபம் வந்துவிட்டது. வருகிற ஞாயிறும் ஆள் சேராவிட்டால் நிர்வாகக் குழுவே முடிவு செய்துவிடும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். நிர்வாகக் குழுவில் எல்லாரும் கார் வைத்திருப்பவர்கள். அவர்கள் என்ன முடிவு செய்வார்கள் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

இதையெல்லாம் ஜெனி அத்தையிடம் கொட்டித் தீர்த்தாள்.

ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்றார் அத்தை. அபராதம் போட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று அப்பா நடுவில் புகுந்தார்.

"அப்போ தேர்தல் அன்னிக்கு நான் எழுதினதைக் கேளு" என்றார் அத்தை.

அங்கே சனிக்கிழமை தேர்தல். ஓட்டுச் சாவடி பெரும்பாலும் பள்ளிக்கூடம். வாசலில் பெற்றோர்கள் அடுப்பு வைத்து, ரொட்டித் துண்டில் சாசேஜ் என்கிற சூடான இறைச்சிக் குழலும் வதக்கிய வெங்காயமும் வைத்து விற்பார்கள். அந்த வாசனைக்கே தெருவில் வரிசை நிற்குமாம். அத்தை வேலை பார்க்கும் மருத்துவமனையில், நடக்க முடியாதவர்களின் கட்டில் பக்கத்துக்கே ஓட்டுப் பெட்டி வந்ததாம்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. பெட்டி பக்கத்துல நின்னு யாரும் ஓட்டு கேக்கக் கூடாது. ஆசை காட்டவும் கூடாது."

போனை வைத்ததும் ஜெனி இரண்டாம் மாடிக்கு ஓடினாள். அங்கேதான் அவள் நண்பன் கேஷவ் இருக்கிறான். "சாசேஜுக்குப் பதிலா போண்டா" என்றாள். கேஷவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஜெனியின் அம்மா வெங்காய போண்டா போடுவதாக ஒப்புக்கொண்டார். கேஷவின் அம்மா வெங்காயம் இல்லாத மைசூர் போண்டா என்றார். எல்லார் முன்னாலும் கை தூக்கினால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் மனஸ்தாபம் வரும், சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாமே என்று ஜெனி செயலாளரைக் கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். பிறகு, ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு, 'மைதானம்' அல்லது 'பார்க்கிங்' என்று எழுத வேண்டும் என்று நோட்டீஸில் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை மாடிப்படிக்குக் கீழே அடுப்பு பற்றவைக்கப்பட்டது. எண்ணெய் காய்ந்தது. வாசனை படியேறிப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டியது.

முதலில் வந்தவர் எந்தக் கூட்டத்துக்கும் வராத ஃபிரெடி அங்கிள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்கள் பட்டுப் புடவையோடு நின்றார்கள். செயலாளர் வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி முடிக்கவே கை வலித்துவிட்டது. மைதானம் வேண்டுமென்றவர்களுக்கும் போண்டா, பார்க்கிங் வேண்டுமென்றவர்களுக்கும் போண்டா. ஜெனி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

செயலாளர் செருப்பு டப்பாவில் செய்த ஓட்டுப் பெட்டியைத் திறக்கப் போனார். அப்போதுதான் ஜெனிக்கு ஒன்று தோன்றியது.

"அங்கிள், மூணாவது மாடி ஹேமாவதி அக்கா இன்னும் ஓட்டுப் போடலை."

ஹேமாவதி நாவலூரில் ஐ.டி. வேலை பார்ப்பவர். ஸ்கூட்டரில் வந்த யாரோ இடித்து, கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தார். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

கேஷவ் அவள் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "லூசா நீ? வாட்ஸப் குரூப்ல பார்க்கிங் வேணும்னு மொதல்ல போட்டதே அவங்கதான். பேசாம இரு."

ஜெனிக்கும் அது தெரியும். பேசாமல் இருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனாலும் அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அவங்க வீடும் இந்த பில்டிங்லதானே இருக்கு?" என்றாள்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். கேஷவ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போண்டாத் தட்டோடு பின்னால் வந்தான். சாட்சிக்குச் செயலாளரும் வந்தார். ஆனால் முதல் மாடியிலேயே மூச்சு வாங்க நின்றுவிட்டார்.

ஹேமாவதி ஊன்றுகோலோடு கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார், ஜெனியைப் பார்த்தார்.

"நான் எதுக்குப் போடுவேன்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா தூக்கிட்டு வந்தே?"

ஜெனி சீட்டை நீட்டினாள். ஹேமாவதி நாற்காலியில் உட்கார்ந்து, விளையாட்டைக் கெடுக்க வேண்டும் என்பது தன் ஆசையில்லை என்றார். அவர் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் பார்க்கிங் இடம் கிடையாது. ஆபீஸ் முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது. காரைத் தெருமுனை தாண்டி நிறுத்திவிட்டு, விளக்கில்லாத தெருவில் தனியாக நடந்து வர வேண்டியிருக்கிறது. அப்படி நடந்து வந்தபோதுதான் ஸ்கூட்டர் இடித்தது.

ஜெனிக்கு இது புதுச் செய்தி. பார்க்கிங் கேட்கிறவர்கள் எல்லாரும் சும்மா வம்புக்குக் கேட்கிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள்.

திடீரென்று கீழ்த்தளத்தில் இருக்கும் தங்கள் வீட்டுப் பார்க்கிங் இடம் அவள் ஞாபகத்துக்கு வந்தது. அப்பாவிடம் கார் கிடையாது. அந்த இடத்தில் ஒரு ஸ்கூட்டர், கால் உடைந்த சோபா, கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் வைத்த பெரிய பெட்டிகள். அவ்வளவுதான்.

எங்கள் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கையில் பெட்டி இருந்தது. இப்போது சொன்னால் அது ஆசை காட்டுவதாகிவிடும். ஜெனி உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள். ஹேமாவதி எழுதி, மடித்து, பெட்டியில் போட்டார். அப்போதுதான் செயலாளர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

கீழே எண்ணிப் பார்த்தார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் பார்க்கிங் ஜெயித்தது.

யாரும் கை தட்டவில்லை. கேஷவ் மட்டும் ஜெனியைப் பார்த்து, "அந்த ஒரு ஓட்டை நீதான் கொண்டு வந்தே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஜெனி புங்க மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். நன்றாகவே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள்.

"தோத்ததும் இல்லாம, இருக்கற இடத்தையும் அவங்களுக்கே கொடுக்கணுமா?" என்றார் அப்பா.

"அவங்க இருட்டுல நடந்து வராங்கப்பா. நம்ம சோபா எங்க நடக்குது?"

அப்பா கொஞ்ச நேரம் சோபாவைப் பார்த்தார். அப்புறம் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார்.

சத்தம் கேட்டுச் செயலாளர் எட்டிப் பார்த்தார். நட்சத்திரப் பெட்டிகள் பரணுக்குப் போவதையும், ஒரு கார் நிற்குமளவு தரை காலியாவதையும் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த தன் சொந்த இடத்தைப் பார்த்தார். அங்கே கொலுப்படிகள், ஓடாத வாஷிங் மெஷின், சக்கரமில்லாத சைக்கிள் எல்லாம் நின்றன. அவருடைய கார் தெருவில் நின்றது. போன மாதம்தான் ஒரு தண்ணீர் லாரி அதன் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது.

மறுநாள் காலை பழைய சாமான் வாங்கும் சக்திவேலின் வண்டி வாசலில் நின்றது. ஒரு வீட்டில் தொடங்கியது தொற்றிக்கொண்டது. யாருக்கும் தேவைப்படாத பொருள்களெல்லாம் இத்தனை நாள் சொகுசாகக் கூரைக்குக் கீழே இருந்திருக்கின்றன, கார்கள்தான் வெயிலில் காய்ந்திருக்கின்றன.

சிமென்ட் போட ஆள் வரவில்லை. வரச் சொல்ல யாருக்கும் நினைவில்லை.

மாவுக்கட்டு பிரித்ததும் அடுத்த கூட்டம். மறுபடி அடுப்பு, மறுபடி போண்டா. ஹேமாவதி மெதுவாகப் படியிறங்கி வந்தார்.

"போன தடவை பார்க்கிங்குக்குப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தி. என் கார் இப்போ ஜெனி வீட்டு இடத்துல நிக்குது. அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யணும்னு நானே கேக்கறேன்" என்றார்.

இந்த முறையும் பெட்டி வைத்தார்கள். செயலாளர் எண்ணிக்கொண்டே போனார். எல்லாச் சீட்டிலும் மைதானம் என்றே எழுதியிருந்தது. கேஷவ் கடைசி மைசூர் போண்டாவை எடுத்து, தான் தின்னாமல், ஜெனியிடம் நீட்டினான். அவன் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

அந்த வாரம் அத்தையின் பக்கத்தில் மேல் பாதியில் வழக்கம்போல் கான்பெரா. கீழ்ப் பாதி முழுக்கக் கீழ்க்கட்டளை. நாய்க்கு இடமே இல்லை.

அதற்கடுத்த வாரம் அந்த ஊர்க் கோதுமை விவசாயி ஒருவர் பத்திரிகைக்கு எழுதியிருந்தாராம். கான்பெரா விஷயத்தில் அத்தை சொன்னது முழுக்கத் தப்பு, அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் அந்த போண்டாவை எப்படிச் செய்வது என்று சொல்லவும்.