பத்து எண்ணும் வரை

யாரும் இன்னும் தீக்குச்சியே உரசவில்லை, அதற்குள் கருகல் வாசனை. பொன்சாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். ட்ராசா ஊரின் சாய்ந்த வெயிலில் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. தோகையோடு தோகை உரசும் சரசரப்பைத் தவிர ஒன்றுமில்லை.

போன வருஷம் அவன் தீ வைத்த கரும்புக்குள் கூட வேலை பார்த்த சிவன் நங்கோனா வேர்ச்சாறு குடித்த மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அறுவடைக்கு முன் தோகையைக் கொளுத்துகிறவன் நான்கு பக்கமும் நின்று குரல் கொடுக்க வேண்டும். பொன்சாமி அவசரத்தில் ஒரு பக்கத்தோடு விட்டுவிட்டான். "அண்ணே" என்று ஒரே ஒரு தடவை கேட்டது. சிவன் செத்த பிறகு எட்டு மாதம் பொன்சாமி வீட்டில் கிடந்தான். அடுப்பில் விறகு வெடித்தால் "அண்ணே", கதவு கிரீச்சிட்டால் "அண்ணே". இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறான். இன்றும் பயந்து பின்வாங்கினால் கரும்பு வெட்டும் கேங்கில் இடமில்லை.

கேங் தலைவரான சர்தார் நாகையா இரக்கப்பட்டு ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார். "எல்லாம் உன் தலைக்குள்ளதான்டா. கண்ணை மூடிப் பத்து எண்ணு. போயிடும்."

காலையிலிருந்து மூன்று தடவை எண்ணினான், மூன்று தடவையும் குரல் போய்விட்டது. நல்ல வைத்தியம்தான்.

காலையில் அவன் கிளம்பும்போது மனைவி சுஷீலாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "சாயங்காலம் சாயா கொண்டாரேன். கரும்புக்குள்ள குறுக்கால வந்தா சூடு ஆறாது."

"வேணாம். ரோட்டு வழியா வா" என்றிருந்தான்.

நாகையாவும் மற்றவர்களும் தீ தாண்டாமல் காவல் நிற்க எதிர் வரப்புக்குப் போனார்கள். பொன்சாமி நான்கு பக்கமும் தொண்டை கிழியக் கத்தினான். "உள்ள யாரு? வெளிய வாங்க!"

வெகு உள்ளே தோகை அசைந்தது. காற்றில்லை. கண்ணை மூடிப் பத்து எண்ணினான். அசைவு நின்றிருந்தது.

கொளுத்தினான். தீ படபடவென்று ஓடியது. சாறு கொதிக்கும் இனிப்பு வாசனை எழுந்தது. உள்ளிருந்து ஒரு குரல்.

ஒன்று. இரண்டு.

"என்னங்க!"

சிவன் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

மூன்று. தலைக்குள்ளதான். நான்கு. ஓடினால் வேலை போய்விடும். ஐந்து. ஆறு.

"என்னங்க, இங்க..."

ஏழு. எட்டு. ஒன்பது.

பத்தில் குரல் நின்றுவிட்டது.

நாகையா சுற்றி வந்து முதுகில் தட்டினார். "பாத்தியா? ஆம்பளைடா நீ."

தீ அடங்கியதும் பொன்சாமி சூட்டுச் சாம்பலுக்குள் நடந்தான். பாதித் தூரத்தில் சாயாத் தூக்கு. உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு ஒரு கை. கையில் வளையல்.

கண்ணை இறுக மூடினான். ஒன்று. இரண்டு.

பத்து.

திறந்தான். கை அங்கேயே இருந்தது.