கடைசி வார்டுக் கட்டில்

பழைய மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் நான் சைக்கிளை நிறுத்தும்போதே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. புது பஸ் ஸ்டாண்டுக்காகக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். அதற்குமுன் உள்ளும் புறமும் படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார் காண்ட்ராக்டர். நான் குழந்தைராஜ். குத்தாலத்தில் ஸ்டுடியோ. ஊரில் எந்த வீட்டு விசேஷமும் நான் இல்லாமல் நடக்காது. என் வீட்டில்தான் விசேஷமே கிடையாது. தனிக்கட்டை.

அப்போது எனக்கு வேறு கவலை. வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை தஞ்சாவூரில் ஆபரேஷன். துணைக்கு ஆள் இல்லாமல் வந்தால் சேர்க்க மாட்டோம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊரில் பாதிப் பேர் முகம் என் பிலிமில் இருக்கிறது, கூட வந்து நாலு நாள் இருக்க ஒருத்தர் இல்லை. யாரிடமும் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

வாட்ச்மேன் வீரையன் கதவைத் திறந்துவிட்டார்.

"கடைசி வார்டுல ஒரு கட்டில் கிடக்கும்ங்க. கூலிச் சண்டையில வெட்டுப்பட்ட கோவிந்தராசு படுத்திருந்தது. சம்சாரம் ராமாயி கட்டிலுக்குக் கீழயே பாய் போட்டுக் கிடந்துச்சு. அது தண்ணி பிடிக்கப் போன நேரத்துல யாரோ வந்து ஆளைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பண்ணை ஆளுங்களோ போலீசோ, யாரு கண்டா. திரும்பி வருவாருன்னு அங்கயே கிடந்து செத்துச்சு."

"நீங்க உள்ள வரலையா?"

"எனக்கு வீட்டுல ஆளு இருக்குங்க."

பெருமை பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வார்டில் பினாயில் வாடை இன்னும் போகவில்லை. நனைந்த சுண்ணாம்பு வாடையும் வௌவால் வாடையும் அதோடு கலந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே நடவு வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. மத்தியானமே இருட்டிவிட்டதால் பிளாஷ் போட்டுக் கட்டிலைப் படம் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து வயிறு சுருட்டிப் பிடித்தது. நிற்க முடியாமல் அதிலேயே படுத்துவிட்டேன்.

கீழே பாய் விரிக்கும் சத்தம் கேட்டது.

மழைதான் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு வெற்றிலை வாடை வந்தது. யாரோ அலுப்போடு உடம்பைச் சாய்க்கும் மூச்சு.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். வலி எழவிடவில்லை. "அம்மா" என்று முனகினேன்.

கட்டிலடியிலிருந்து ஒரு கை நீண்டு என் காலை மெல்லப் பிடித்துவிட்டது. விரல்கள் ஜில்லென்று இருந்தன. நகத்தில் வயல் சேறு.

"வலிக்குதா?"

அப்படி ஒருவர் என்னைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பயத்தையும் மீறி அழுகை வந்தது. சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

"திங்கக்கிழமை ஆபரேஷன். துணைக்கு எனக்கு யாரும் இல்லம்மா."

கை அப்படியே நின்றது.

எப்படி வாசலுக்கு வந்தேன் என்று தெரியாது. வீரையன் என் காலைப் பார்த்தார். கணுக்காலில் சேறு ஒட்டியிருந்தது. என் தோளுக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்துவிட்டு விலகி வழிவிட்டார். அப்புறம் கதவைச் சாத்தினார், பூட்டவில்லை.

"இனிமே என்னத்துக்குங்க பூட்டு" என்றார்.

திங்கட்கிழமை ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் தஞ்சாவூர் போனேன். வார்டு நர்ஸ் அருள்மேரி என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு நாடி பார்த்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"சிஸ்டர், துணைக்கு ஆளு பின்னாடி பஸ்ல..."

"அதான் முன்னாடியே வந்துட்டாங்களே" என்றாள், கட்டிலடியைப் பார்த்து. "வெளிய போயி ஒரு செம்பு தண்ணி பிடிச்சிட்டு வாங்கம்மான்னு சொல்றேன், உங்கள விட்டு நகரவே மாட்டேங்கறாங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டை நான்தான் பெருக்குகிறேன், கட்டிலுக்குக் கீழே மட்டும் பெருக்குவதில்லை.