அழைப்புச் சரிவு

செல்வின் பேசிய வாக்கியத்தில் ஒரு சொல் மட்டும் காணாமல் போயிருந்தது.

“நேத்து வச்ச மீன் குழம்புல … கொஞ்சம் கூடிப்போச்சு” என்றான்.

விடுபட்டது உப்பு என்று போனில் கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி ஆக்னெஸுக்குத் தெரியும். உப்பு சந்தையில் விற்கும் பொருள். அதனால் போனில் சந்தைச் சொற்களை வடிகட்டும் சொல்லரிப்பான் அதை விழுங்கிவிட்டது. மிளகு, பருத்தி, செம்பு, எண்ணெய், எல்லாவற்றையும் அது விழுங்கும். தூத்துக்குடிக்காரர்கள் இரண்டு பேர் உப்பைத் தொடாமல் எவ்வளவு நேரம்தான் பேச முடியும் என்பதை அந்தக் கருவியைச் செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

சொல் போனால்கூடப் பரவாயில்லை. குழம்பைப் பற்றிச் சொன்னபோது அவன் சிரித்தானா, அலுத்துக்கொண்டானா என்பதும் தெரியவில்லை. சொல்லரிப்பானுக்கு அடுத்து குரல்சமனி என்று ஒன்று இருந்தது. மேலே போகும் குரலை இறக்கி, கீழே போகும் குரலை ஏற்றி, எல்லாவற்றையும் பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி ஆக்கிவிடும். அவன் காதுக்கு அவள் குரலும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

ஞாயிறு காலை அழைப்பு முடிந்தது. ஆக்னெஸ் போனை வைத்துவிட்டு, பயிற்சித் திரையில் தன் கையிருப்பு முழுவதையும் விற்றாள். ஏன் விற்றோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் இருந்தது முப்பந்தலில், ஓய்வு கொடுக்கப்பட்ட ஒரு காற்றாலையின் உச்சியில். இறக்கைகளைக் கழற்றிவிட்டு, மின்னாக்கி இருந்த இடத்தில் ஒரு கட்டில், ஒரு மேசை, மூன்று திரைகள் வைத்திருந்தார்கள். ஒரு கோபுரத்துக்கு ஒரே ஆள். கணவாய்க் காற்று அடிக்கும்போது அறை மெல்ல ஆடும். பக்கத்துக் கோபுரத்தின் சன்னல் தெரியும். அதில் இருப்பவரின் முகம் தெரியாது. கோபுரங்களுக்கு நடுவே அவ்வளவு தூரம் விட்டுத்தான் அந்தக் காலத்தில் நட்டிருந்தார்கள்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு என்றால், விலைத்தடங்களைக் காப்பாற்றுவதற்கு. ஒரு பொருளின் விலையைக் கோடாக வரைந்துகொண்டே போனால் சில வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும். பழைய காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, தலையும் இரண்டு தோளும். விலை ஏறி இறங்கும், இன்னும் உயரமாக ஏறி இறங்கும், மூன்றாவது முறை குறைவாக ஏறும். அந்த இரண்டாம் தோள் முடிந்ததும் விலை சரியும். இதைப் புத்தகத்தில் போட்டார்கள். படித்தவர்கள் எல்லோரும் தோள் முடியும்வரை காத்திருப்பானேன் என்று சற்று முன்னாடியே விற்றார்கள். முன்னாடியே விற்றதால் தோள் உருவாகவே இல்லை. தடத்தைக் கொன்றது அதைப் படித்தவர்கள்தான். பிறகு யந்திரங்கள் வந்தன. ஒரு யந்திரம் கண்டுபிடித்ததை மற்ற யந்திரங்கள் நொடியில் மோப்பம் பிடித்தன. ஐஸ் போடாத மீன் மாதிரி, காலையில் பிடித்த தடம் மத்தியானத்துக்குள் கெட்டுப்போயிற்று. சந்தையே குருடாகிவிட்டது.

அதனால் சட்டம் வந்தது. ஒரு தடம், ஒரே ஆள். தடம் ஒரு மனித மண்டைக்குள் மட்டும் இருக்க வேண்டும். அதைத் தடப் பதிவகத்தில் பதிந்துகொண்ட ஆளுக்குப் போக்குரைஞர் என்று பெயர். தடம் உயிரோடு இருக்கும்வரை அவர் கோபுர விடுதியைவிட்டு வெளியேற முடியாது. வெளியே நடமாடினால் அது கசிந்துவிடும் என்ற பயம். நல்லவேளையாகத் தடங்கள் எப்படியும் சாகும். ஒன்றிரண்டு வருஷம் உழைக்கும், பிறகு சந்தை மாறிவிடும். சம்பாதித்ததை எடுத்துக்கொண்டு போக்குரைஞர் வீட்டுக்குப் போகலாம். இதை நம்பித்தான் எல்லோரும் தேர்வுக்கு வந்தார்கள். தேர்வு முடியும்வரை அவர்களுக்கும் இதே கோபுரம், இதே விதி.

முதல் நிலைத் தேர்வில் செத்துப்போன தடங்களைப் படிக்க வேண்டும். இரண்டாம் நிலையில், நட்டத்தை எங்கே நிறுத்துவது என்று காட்ட வேண்டும். மூன்றாம் நிலையில் ஒரே கேள்விதான்: இதுவரை யாரும் பதியாத ஒரு தடத்தைக் கண்டுபிடித்துக் கொண்டு வா.

கணக்கு டீச்சராக இருந்த ஆக்னெஸ் முதல் இரண்டையும் சுலபமாகத் தாண்டினாள். மூன்றாவதில் இரண்டு முறை தோற்றாள். கொண்டுபோன தடத்தை ஒப்புநோக்கி என்ற யந்திரம் பதிவகத்தில் உள்ள அத்தனை தடங்களோடும் வைத்துப் பார்த்து, கண் மூடித் திறப்பதற்குள் சிவப்பு விளக்கைக் காட்டியது. வேறு யாரோ ஏற்கனவே பிடித்துவிட்டார்கள். மூன்றாவது வாய்ப்புதான் கடைசி.

செல்வின் அவள் ஜெயிக்க வேண்டும் என்று சொன்னதே இல்லை. தோற்றால் உடனே வந்துவிடலாமே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். குடிநீர் ஆலையில் குழாய் பார்க்கிறவன். இரண்டு பேருக்கு அந்தச் சம்பளம் போதும். ஆனால் ஆக்னெஸுக்குக் கோடுகளைப் பார்ப்பது பிடித்திருந்தது. ஒரு கோடு வளையும்போது அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் பயந்திருக்கிறார், யாரோ ஆசைப்பட்டிருக்கிறார் என்று நினைத்துப் பார்ப்பாள். பேச ஆள் இல்லாத இடத்தில் அது ஒரு துணை மாதிரி இருந்தது.

ஞாயிறு மத்தியானம் மட்டும் விடுதிக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம். சாப்பாட்டையும் வானிலையையும் பற்றிப் பேசலாம். அன்றைக்கு அவள் எதிரே நூகு காக்கா உட்கார்ந்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவரைவிட மூத்தவர் அங்கே யாரும் இல்லை. அவருக்கும் அது கடைசி வாய்ப்பு. குரல்சமனியை எடுக்கச் சொல்லி மனு எழுதியவர் அவர்தான். முன்பு ஏதோ ஒரு கோபுரத்தில் ஒரு பெண் தொடர்ந்து போனில் சிரித்தாளாம். வீட்டில் அதைக் கேட்ட தம்பி, அக்காவுக்கு நல்ல லாபம்போல என்று ஊகித்து, அன்றைக்கு விலை ஏறிய பொருளைப் பார்த்து அதையே தானும் வாங்கிவிட்டானாம். அதற்குப் பிறகு வந்ததுதான் குரல்சமனி. ஒருத்தி சிரித்ததற்கு நாடு முழுவதும் பல்லாயிரம் பேர் குரலை இழப்பதா என்று நூகு கேட்டிருந்தார். எல்லாக் கோபுரங்களும் கையெழுத்திட்டிருந்தன. தேர்வு முடிந்ததும் விசாரணை, அநேகமாக மனு ஜெயித்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவர் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை.

“காக்கா, நல்லாத்தான இருக்கு கறி?”

“கறிக்கு என்ன கொள்ளை? போன்ல வீட்டுக்காரி பேசினா. பேசுனது அவதானான்னு ஒரு சந்தேகம். வச்சதுக்கு அப்புறம் சோறு எறங்க மாட்டேங்குதும்மா. கொஞ்ச நேரம் கழிச்சு சரியாயிரும்.”

ஆக்னெஸ் நிமிர்ந்து மேசை முழுவதையும் பார்த்தாள். வரிசையாக எல்லாத் தட்டுகளிலும் சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. தன் தட்டிலும்.

அவள் கோபுரத்துக்கு ஓடவில்லை. ஓடினால் கண்காணிப்பாளர் கேட்பார். மெதுவாக நடந்து ஏறி, பழைய ஞாயிற்றுக்கிழமைகளின் கோடுகளைத் திரையில் அடுக்கினாள். மிளகும் செம்பும் பருத்தியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. மழை பெய்தால் பருத்தி அசையும், செம்பு அசையாது. ஆனால் அழைப்பு முடியும் வேளையில் மூன்றும் சேர்ந்து கொஞ்சம் இறங்கின. கொஞ்ச நேரத்தில் சேர்ந்தே ஏறின. சம்பந்தமில்லாத பொருள்கள் ஒன்றாக விழுந்தால் காரணம் பொருளில் இல்லை. அவற்றைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது.

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. தென்கோபுரங்களுக்கு ஞாயிறு, மேற்கே புதன், கிழக்கே வெள்ளி என்று அழைப்பு நாள்கள் விடுதி விதிகளிலேயே இருந்தன. அவள் புதனைப் பார்த்தாள், வெள்ளியைப் பார்த்தாள். அதே சரிவு. கோபுரங்கள் அதிகமாக இருக்கும் மேற்கின் புதன்கிழமையில்தான் பள்ளம் பெரிது. தட்டையான குரலைக் கேட்டுவிட்டுப் போனை வைக்கும் மனிதனுக்கு எதையும் பிடித்துவைக்கத் தோன்றுவதில்லை. கை தானாக விற்கிறது. தான் செய்ததைத்தான் எல்லோரும் தத்தம் கோபுரத்தில், தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லக்கூடாத ஒரே விஷயமும் அதுதான்.

அடுத்து வந்த அழைப்புகளில் தன்னையே சோதித்துப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும், போனை வைத்ததும் கை விற்றது. அறிவு கையை நிறுத்தவில்லை.

இதைச் சமர்ப்பிக்காமல் விட்டுவிட்டால் தோற்று, அடுத்த பேருந்தில் தூத்துக்குடி போய்விடலாம். அதையும் அவள் யோசித்தாள். ஆனால் கணக்கு வேறு மாதிரி வந்தது. நூகு காக்காவின் மனு ஜெயிக்கப் போகிறது. குரல்கள் திரும்பி வந்ததும் இந்தத் தடம் செத்துவிடும். தடம் செத்தால் கோபுரத்திலிருந்து விடுதலை. ஆக, தேர்விலும் ஜெயித்து, சில மாதங்களில் வீட்டுக்கும் போய்விடலாம். தானே சாகப்போகும் ஒரு தடம். இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது.

ஒப்புநோக்கி இந்த முறை வெகுநேரம் முனகிவிட்டு, பச்சை விளக்கைக் காட்டியது.

வாய்மொழித் தேர்வை நடத்தியவர் அனந்தநாயகி என்ற அம்மையார். வழக்கமாகக் கேட்கும் கடைசிக் கேள்வியைக் கேட்டார்: இந்தத் தடத்தை எது கொல்லும்? தன் தடத்தின் சாவை அறியாதவர் போக்குரைஞர் ஆக முடியாது. ஆக்னெஸ் வகுப்பில் பாடம் எடுப்பதைப்போல உற்சாகமாக விளக்கினாள். குரல்சமனியை எடுத்தால் செத்துவிடும்.

“வேற எதுவும் கொல்லாதா? இது நாலு பேருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா?”

“சாகாது மேடம். நானே பாத்துட்டேன். தெரிஞ்சவங்களும் தனியாத்தான இருப்பாங்க.”

அனந்தநாயகி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து எழுதினார். பிறகு, ஆயுள் என்ற இடத்தில் வரம்பில்லை என்று தான் எழுதுவது இதுதான் முதல் தடவை என்றார். அந்த ஆண்டின் முதலிடம் அவளுக்குத்தான். படி இறங்கும்போது ஆக்னெஸுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

மனுவின் முடிவு அடுத்த வாரம் கூடத்தில் வாசிக்கப்பட்டது. தள்ளுபடி. பதிவுபெற்ற தடம் எதுவாக இருந்தாலும், அதன் ஆயுளுக்குக் கேடு வராமல் காப்பது பதிவகத்தின் கடமை. குரல்சமனியை எடுத்தால் பதிவுபெற்ற ஒரு தடம் அழியும் என்று பதிவகத்துக்குத் தெரியவந்திருக்கிறது. ஆகவே எடுப்பதற்கில்லை. அந்தத் தடம் எது, யாருடையது என்பதைச் சட்டப்படி வெளியிட இயலாது.

நூகு காக்கா தேர்வில் தோற்றிருந்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, போகும் முன் அவள் எதிரே உட்கார்ந்தார். அவர் முகத்தில் தோற்ற களை இல்லை. ராத்திரிக்குள் காயலில் இருப்பேன், வீட்டுக்காரி குரலை நேரிலேயே கேட்பேன் என்றார். ஆக்னெஸ் ஜெயித்ததற்கு ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

“எவனோ ஒருத்தன் நம்ம எல்லாரையும் வச்சு எதையோ கண்டுபிடிச்சிருக்கான் தங்கச்சி. அவன குத்தம் சொல்லல. பாவம், அவனும் எங்கயோ ஒரு கோபுரத்துலதான உக்காந்திருப்பான்.”

ஆக்னெஸ் தலையாட்டினாள். அது நான்தான் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்குக் காற்று ஜாஸ்தி, பேருந்தில் சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் காக்கா என்றாள்.

அடுத்த ஞாயிறு செல்வின் அழைத்தான். அவள் தேர்வில் ஜெயித்ததைச் சொன்னாள். எப்போது வருவாய் என்று கேட்டான். தன் தடம் இனிச் சாகாது, அது சாகாமல் தான் வர முடியாது என்று சொன்னாள். சொல்லரிப்பான் அதை முழுவதும் விழுங்கியது. மறுமுனையில் அவனுக்கு ஒரு நீண்ட வெறுமைதான் கேட்டிருக்கும்.

“ஏட்டி, நீ சந்தோஷமா பேசுறியா, அழுதுக்கிட்டுப் பேசுறியா? ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு” என்றது அந்த ஒரே மட்டக் குரல்.

“நீங்க?” என்று கேட்டாள்.

அவன் என்னவோ சொன்னான். சொற்கள் எல்லாம் வந்தன. அழைப்பு நேரம் முடிந்தது.

அவள் திரைக்குத் திரும்பினாள். இப்போது அது பயிற்சித் திரை அல்ல. மிளகும் செம்பும் பருத்தியும் சேர்ந்து இறங்கத் தொடங்கியிருந்தன. மனு தள்ளுபடியான செய்தி எல்லாக் கோபுரங்களுக்கும் போயிருந்தது. பள்ளம் இதுவரை அவள் பார்த்த எதையும்விட ஆழமாக இருந்தது. அவள் கையும் எல்லாவற்றையும் விற்றுவிடத்தான் துடித்தது. அதைப் பிடித்து நிறுத்தி, கீழே வந்த மிளகை வாங்கினாள்.

கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கோபுரத்தில், விற்பதற்கு வைத்த மிளகு வைத்தவுடனே போய்விட்டதை ஒருவர் பார்த்திருப்பார். யாரோ அங்கே இருக்கிறார்கள் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆக்னெஸ் செம்பையும் வாங்கினாள்.